பாதரசம் பிசைந்த கை

பாதரசத்தை வெறுங்கையால் பிசைந்து பதினோரு வருடம் சோறு தின்றவள் நான். இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த பல் கிளினிக்கில் நான் உதவியாளர். டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கழுவி ஸ்டெரிலைசரில் வைப்பது, நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயில் எச்சில் உறிஞ்சும் டியூபைப் பிடிப்பது, பயந்தவர்களை அதட்டி வாயைத் திறக்க வைப்பது எல்லாம் என் வேலை. ஆனால் அந்த கிளினிக்கில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்ததென்றால் அது நான் கலந்து தரும் அடைப்புக் கலவைக்குத்தான்.

வெள்ளி அடைப்பு என்று எல்லோரும் சொல்வது முழுக்க வெள்ளி இல்லை. வெள்ளியும் தகரமும் செம்பும் கலந்த பொடி ஏறக்குறையப் பாதி, பாதரசம் பாதி. இரண்டையும் சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் போட்டுக் குழவியால் அரைக்க வேண்டும். சரசரவென்று இருக்கும் பொடி மெல்ல இளகி வெண்ணெய் மாதிரி ஆகும். அதைத் துண்டுத் துணியில் வைத்து முறுக்கினால் மிஞ்சிய பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். அப்புறம் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் பிசைய வேண்டும். பிசையும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊரில் பாதிப் பேர் இதற்கு மிஷின் வாங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் டாக்டர் வாங்கவில்லை. “மிஷினுக்குப் பதம் தெரியாதும்மா, உன் கைக்குத் தெரியும்” என்பார். அந்த ஒரு வார்த்தையில் நான் மயங்கிக் கிடந்தேன். கையுறை போட்டால் பதம் பிடிபடவில்லை என்று நானே கழற்றி வைத்துவிடுவேன். தரையில் சிந்திய துளிகள் டைல்ஸ் மேல் உருண்டு ஓடும். பழைய விசிட்டிங் கார்டால் துரத்திப் பிடித்து பாட்டிலில் போடுவேன். சிக்காதது இடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏசி வீணாகக் கூடாது என்று அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதே கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் மிக மிக ஜாக்கிரதை. கிளினிக்குக்குள் நுழைந்ததும் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி மேஜை டிராயரில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி பின் குத்திக்கொள்ள வேண்டும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி. எனக்கு முன்னால் இருந்தவளும் கழற்றினாள், நானும் கழற்றினேன். தங்கத்துக்குக் கொடுத்த மரியாதையை விரலுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. படித்த டாக்டருக்கும் தோன்றவில்லை.

போனில் செய்திகள் பரவ ஆரம்பித்த பிறகு, வாரத்துக்கு ஒருவராவது முகம் வெளிறி வந்து நிற்பார்கள். “சார், வாயில விஷத்த வெச்சி அடைச்சிட்டீங்களாமே, உண்மையா?” என்பார்கள். டாக்டர் அசரமாட்டார். “பல்லுக்குள்ள இறுகிட்டா அது கெட்டியான கலப்பு உலோகம். துளியூண்டு கசியும், இல்லேன்னு சொல்லல. உங்கள ஒண்ணும் பண்ற அளவு இல்ல. நல்லா இருக்கிற அடைப்பத் தோண்டி எடுத்தாத்தான் ஆவி கிளம்பும். சும்மா இருக்கிறத ஏன் சீண்டணும்?” என்று சொல்லி அனுப்புவார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அவர் நாற்காலிப் பக்கம் வேலையாக இருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நானே பிரசங்கம் செய்துவிடுவேன். “என் வாயிலயே ரெண்டு இருக்கு, பாருங்க” என்று வாயைப் பிளந்து காட்டுவேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. அந்த ஏழு வருடத்தில் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டார்கள், எந்தெந்தக் கல்யாண வீட்டில் யார் என்னைத் தாண்டிப் போய் அடுத்தவளுக்குப் பூக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மறக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. அதனால் அந்தக் காலையில் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தபோது குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வண்டலூரிலிருந்து என் கணவரின் அக்கா அன்று மாலையே வந்துவிட்டார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பாசமும் அதிகாரமும் சரிபாதி கலந்தவர். கோயிலில் வைத்து எடுத்து வந்த ஒரு தங்க மோதிரத்தை என் விரலில் போட்டார். “பிரசவம் ஆகறவரைக்கும் இதக் கழட்டவே கூடாது. அப்புறம் இன்னொண்ணு, மூணு மாசம் முடியாம வெளிய மூச்சு விடாத. கண்ணு பட்டுடும்” என்றார். ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு மூன்று மாதம் வாயைக் கட்டுவதா பெரிய விஷயம்? தலையாட்டினேன்.

அதனால் கிளினிக்கிலும் மூச்சு விடவில்லை. வழக்கம் போல அரைத்தேன், முறுக்கினேன், பிசைந்தேன். மசக்கை வந்தால் பாத்ரூமுக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பிசைந்தேன். வளையலைக் கழற்றி டப்பாவில் போட்டேன், அண்ணி கழற்றக் கூடாது என்ற மோதிரத்தை மட்டும் கழற்றவில்லை. குழந்தைக்காக ஊர்க் கண்ணிலிருந்து ஒளிந்துகொண்டிருப்பதாக நினைத்தேன். அதே நேரத்தில் அதை எதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கடைவாய்ப் பல் வலியோடு ஒரு அக்கா வந்திருந்தார். நகைப் பட்டறை ஒன்றில் பாலிஷ் போடுகிற வேலை அவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான் கலவை பிசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னாம்மா மோதரம் இது? தங்கமா, வெள்ளியா?”

“தங்கந்தாங்கா.”

“தங்கம் இன்னாத்துக்கு இப்டி வெளுத்து கீது? ரசம் பட்டுகீது பாரு. எங்க பட்டறைல இந்த மாரி ஒண்ணு வந்துச்சுன்னா ஆசாரி எங்க எல்லாரையும் எட்டப் போவச் சொல்லிட்டு, வாசல்ல எட்துகினு போயிதான் நெருப்புல காட்டுவாரு. அந்த ஆவி ஆவாதும்மா. நீ இன்னாடான்னா மூடின ரூமுல வெறுங்கைல வெச்சு உருட்டிகினு கீற.” அதோடு விட்டாரா? என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாசமா கீறல்ல நீ? நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், மூணு வாட்டி பாத்ரூமுக்கு ஓடிட்ட.”

டாக்டர் கையில் டிரில்லோடு அப்படியே நின்றுவிட்டார். நான் மோதிரத்தைப் பார்த்தேன். பாதி வெள்ளையாகியிருந்தது. தினமும் என் கண் முன்னால்தான் இருந்தது, பார்க்கவே இல்லை. மோதிரத்தை இப்படிச் செய்தது விரலை விட்டுவிட்டா போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

“ஆமா சார். மூணாவது மாசம்” என்றேன்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்.”

கலவையை அவரே வாங்கி அந்த அக்காவுக்கு அடைத்து அனுப்பினார். அக்கா போகும்போது என் கன்னத்தைத் தட்டி, “பயந்துகினே இருக்காத, டாக்டரம்மாவப் போய்ப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியதும் டாக்டர் சிரிக்க முயன்றார். “ஒண்ணும் ஆகாதும்மா. முப்பது வருஷமா நான் இதுலயேதான் இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?”

அதுவரை அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. “உங்க வயித்துல பிள்ளை இல்லையே சார்” என்றேன். “வர்றவங்களுக்கெல்லாம் பல்லுல இறுகினதுக்குப் பதில் சொல்றீங்க. இறுகறதுக்கு முன்னால என் கைல இருக்கே, அதுக்கு என்ன பதில்? பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது அதப் பத்தி யோசிச்சீங்களா?”

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. “தோல் வழியா போறது ரொம்பக் கம்மி. மூச்சு வழியா போற ஆவிதான் விஷயம். அதுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த மோதிரத்தக் கழட்டி மூடி வெச்சிடு, இன்னைலேர்ந்து அந்த ரூம் பக்கமே போகாத. யூரின் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். உடம்பு அத மெல்ல மெல்ல வெளிய தள்ளிடும்” என்றார். என் வாயில் இருக்கும் இரண்டு அடைப்பைப் பற்றிக் கேட்டேன். “உடைஞ்சிருக்கா? வலிக்குதா? இல்லல்ல? அது பாட்டுக்கு இருக்கட்டும். பிரசவம் முடியறவரைக்கும் யாரையும் அதத் தொட விடாத” என்றார்.

யூரின் டெஸ்டுக்கு மாதிரி கொடுக்கப் போவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு நடை போனேன். வாசலிலேயே நின்று, டாக்டரிடம் அதற்கான காலி டப்பா ஒன்றை நீட்டினேன். “எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கல்ல சார், அதையும் பாத்துடலாம்.” வெளியே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிடிவாதத்தில் அவர் எனக்குக் குறைந்தவர் இல்லை. தனக்கு ஒன்றும் இருக்காது என்று காட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

முடிவு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். சோறு இறங்கவில்லை. பாதரசத்தைத் துரத்தி விளையாடிய ஒவ்வொரு நாளும் கண் முன்னால் வந்து நின்றது. என் கணவர் பேசத் தெரியாமல், மணிக்கொருதரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் சொல்லாதன்னு வாயக் கட்டினேன். நான்தான் மோதரத்தையும் போட்டேன்” என்று ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்தவுடன் அதிகாரம் திரும்பிவிட்டது. “கிளம்பு. வேளச்சேரில ஒரு கிளினிக்குல வாயில இருக்கிற பாதரசத்த மொத்தமா எடுத்துடறாங்களாம். போன்ல பேசி நேரம் வாங்கிட்டேன்” என்றார்.

“அண்ணி, வாயில இருக்கிறது பிரச்சினையே இல்ல.”

“உள்ள விஷத்த வெச்சிகிட்டுப் பிள்ளைய சுமப்பியா? நட.”

வாதாடிப் பயனில்லை என்று நடந்தேன். அங்கே ஏசி ஜில்லென்று இருந்தது, சுவர் முழுக்கச் சிரிக்கும் படங்கள். இளம் டாக்டர் ஒருவர் என் வாயை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ரெண்டையும் இன்னைக்கே எடுத்துடலாம்” என்றார். நான் சும்மா இருப்பேனா? “தோண்டும்போது ஆவி வருமே, பல்லச் சுத்தி ரப்பர் ஷீட் கட்டுவீங்களா? தண்ணி எவ்ளோ பீச்சுவீங்க? உறிஞ்சற மிஷின் எது, காட்டுங்க” என்று வரிசையாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் மூணு மாசம் முழுகாம இருக்கேன். இப்ப எடுக்கலாமா? எடுக்கலாம்னா அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றேன்.

பேனாவை எடுத்தவர் மூடி வைத்துவிட்டார். “பிரெக்னன்ட்னா... இப்ப வேண்டாம். நல்லாத்தான் இருக்கு, அப்படியே விட்டுடலாம்” என்றார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி அண்ணியைப் பார்த்தேன். அவர் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் என் சொல்தான் எங்கள் வீட்டில் கடைசிச் சொல்.

நாலாம் நாள் முடிவு வந்தது. எனக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலே. ஆபத்தான அளவு இல்லை, விலகி இருந்தால் இறங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். பல் டாக்டருடையது என்னுடையதைவிட இன்னும் மேலே இருந்தது. அந்தத் தாளை நான்தான் கொண்டுபோய், அவரை அறைக்கு வெளியே வரச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை, கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் பயத்தை முதல் முதலாகப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கத்தான் நினைத்திருந்தேன், ஆனால் அந்த நிமிடம் மனசு கேட்கவில்லை.

“முப்பது வருஷமா வர்ற பேஷன்டுக்கெல்லாம் தைரியம் சொன்னேன். அதெல்லாம் சரிதான். அந்த ரூமுக்குள்ளயே நிக்கற ரெண்டு பேரக் கணக்குலயே எடுத்துக்கல” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். “தப்பு என்னுதும்மா. என்ன பண்ணணும்னு நீ சொல்லு.”

சொன்னேன். வாய்ப்புக் கிடைத்தால் விடுகிற ஆளா நான்? கிளினிக்கை ஒரு வாரம் மூட வைத்தேன். பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்த ஜன்னலை ஆசாரியை வைத்துத் திறந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கழிவு எடுக்கும் கம்பெனிக்காரர்கள் முகமூடியோடு வந்து டைல்ஸைப் பெயர்த்தபோது, இடுக்குகளில் பதினோரு வருடமாக என்னிடமிருந்து தப்பியதெல்லாம் பளபளவென்று கிடந்ததாம். கண்ணாடிக் கல்வம், குழவி, துணி, பாதரச பாட்டில் எல்லாம் மூடி போட்டு சீல் வைத்து அவர்கள் வேனில் கிளம்பின. நான் எதிர் நடைபாதையில் நின்றபடி வேனைப் பார்த்துக் கையாட்டினேன். ஜூஸ் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

மூடிய கேப்சூலுக்குள்ளேயே குலுக்கிக் கலந்து தரும் மிஷின் வந்தது. கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதரசமே இல்லாத வெள்ளை அடைப்பு மட்டும்தான், மற்றவர்களுக்கும் போகப் போக அதுவேதான் என்று டாக்டரே முடிவு செய்தார். பழைய வெள்ளி அடைப்போடு பயந்து வருகிறவர்களுக்குப் பதில் மட்டும் மாறவில்லை. என்னை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தார். அங்கே நானே எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது: ‘இங்கே வேலை செய்யும் பெண்கள் நாள் தள்ளிப்போனால் முதல் நாளே சொல்லிவிடவும். வேறு யாருக்கும் சொல்லமாட்டோம்.’ அதைப் படித்துவிட்டு அண்ணி, “கண்ணு பட்டா நான் சுத்திப் போட்டுக்கறேன், நீங்க சொல்லிடுங்கம்மா” என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் உபதேசம் செய்தார்.

ஏழாவது மாதம் மறுபடியும் டெஸ்ட் எடுத்தோம். என்னுடையது எல்லோருக்கும் இருக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டருடையதும் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. பிரசவ டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டி, “எல்லாம் கச்சிதமா இருக்கு. இனிமே பாதரசத்த நினைச்சு ஒரு நாள் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டேன்னா எனக்குக் கோபம் வரும்” என்றார். வெளியே வந்து ரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். என் கணவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு அவரும் சிரித்தார்.

மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல், பிறந்தவுடன் அவள் போட்ட கூச்சல் வராண்டாவில் இருந்த அண்ணிக்குக் கேட்டதாம். கையையும் காலையும் உதறி, நர்ஸம்மாவின் முகமூடியை ஒரே இழுப்பில் இழுத்தாள். என் சுபாவம்தான், சந்தேகமே இல்லை. டாக்டரம்மா தலை முதல் கால் வரை சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். ஏழு வருடம் என்னைத் தாண்டிப் போனவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் நாள் பல் டாக்டர் வந்தார். ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வாசலருகிலேயே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்.

“நான்... தூக்கலாமாம்மா?”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

“கையக் காட்டுங்க சார்” என்றேன்.

முப்பது வருடம் எத்தனையோ பேர் வாய்க்குள் போய்வந்த இரண்டு கைகளையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. “கீழ மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் என் மகளை எடுத்து அந்தக் கைகளில் வைத்தேன்.